கன்வல்ஷன், ஃபிட்ஸ், வலிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடும்பத்தில் வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அதனால் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் இது பற்றி அடிக்கடி கேட்பார்கள். அவர்கள் கேட்டவற்றையும், கேட்கத் தயங்கியவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஐந்தாவது கேள்வியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் படித்துவையுங்கள்.

1. டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயாளி ‘கன்வல்ஸ்’ ஆனதாக எழுதியிருக்கிறார்கள். என்ன அர்த்தம்?

கன்வல்ஸ் என்பது ஆங்கில வினைச்சொல். உடம்பின் தசைகள் நம் கட்டுப்பாட்டை மீறி இறுகி, வேகமாகத் திரும்பத் திரும்ப வெட்டி இழுப்பதைச் சொல்வது. இழுத்தல், பிடுங்குதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் ‘வலிப்பு’ம் அதே வழியில் பிறந்ததுதான், துடுப்பு வலிப்பது என்கிறோமே, அந்த வலி. அதன் பெயர்ச்சொல் கன்வல்ஷன்.

இது நோயின் பெயர் இல்லை. பார்த்தவர் கண்ணில் பட்டதை அப்படியே சொல்லும் சொல். ‘இரண்டு நிமிடம் கன்வல்ஸ் ஆனார்’ என்றால் இரண்டு நிமிடம் கைகால் வெட்டி இழுத்தது என்று மட்டும்தான் பொருள். காரணம் காய்ச்சலா, சர்க்கரை இறங்கியதா, மூளையில் கட்டியா என்று அந்தச் சொல் சொல்லாது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பெரிய வியாதி வந்துவிட்டது என்று அங்கேயே முடிவு கட்ட வேண்டாம்.

2. கன்வல்ஷன், சீஷர், எபிலெப்சி, ஃபிட்ஸ் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. மூளையின் நரம்பு செல்கள் கட்டுமீறி ஒரே நேரத்தில் மின்சாரத்தை வெளியிடுவது சீஷர். அது கைகால்களை வெட்டி இழுக்கும் வடிவத்தில் வெளிப்பட்டால் கன்வல்ஷன். எல்லா சீஷரும் அப்படி வெளிப்படாது. சில குழந்தைகள் பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காததுபோலத் தொடர்வார்கள். வகுப்பில் கவனம் இல்லை என்று திட்டு வாங்குவார்கள். பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும் அதுவும் சீஷர்தான்.

தூண்டும் காரணம் எதுவும் இல்லாமல் சீஷர் திரும்பத் திரும்ப வரும் நிலைக்குத்தான் எபிலெப்சி என்று பெயர். உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2014-ல் வகுத்த வரையறைப்படி, 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளியில் இரண்டு முறை வந்திருக்க வேண்டும். அல்லது ஒருமுறை வந்து, அடுத்த பத்து ஆண்டுகளில் மறுபடி வரும் வாய்ப்பு குறைந்தது 60 சதவீதமாவது இருக்க வேண்டும். ஃபிட்ஸ் என்பது இவை எல்லாவற்றுக்கும் நாம் புழங்கும் பேச்சுச் சொல்.

‘இழுப்பு’ என்று சொல்வதில் மட்டும் கவனம் வேண்டும். சில ஊர்களில் அது வலிப்பு, சில ஊர்களில் ஆஸ்துமா மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் ‘கைகால் வெட்டி இழுத்தது’ என்று முழுதாகச் சொல்லுங்கள்.

3. ஆங்கிலச் செய்தியில் ஒரு நாடே ‘கன்வல்ஸ்’ ஆனதாக வருகிறதே?

உள்நாட்டுப் போர், பெரிய கலவரம், நிலநடுக்கம் போல ஒரு சமூகத்தையோ நிலத்தையோ அடியோடு உலுக்குவதற்கும் இதே வினைச்சொல்லைப் பயன்படுத்துவார்கள். வயிறு குலுங்கச் சிரிப்பதற்கும் உண்டு. லேசான அசைவுக்கோ குளிரில் நடுங்குவதற்கோ இதைப் போட மாட்டார்கள். வன்மையும் கட்டுப்பாடு இழப்பும் சேர்ந்தால்தான் இந்தச் சொல்.

4. வலிப்பின்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

பெரும்பாலோர் பார்த்திருப்பது டானிக் குளோனிக் எனப்படும் வகை. முதலில் உடம்பு முழுதும் விறைக்கும். நெஞ்சுத் தசைகள் இறுகி, உள்ளே இருக்கும் காற்று குரல்வளை வழியாகப் பிதுங்குவதால் ஒரு அலறல் சத்தம் வரலாம். அது வலியில் கத்துவது அல்ல. அவருக்கு அப்போது நினைவே இருக்காது. சில விநாடிகளில் விறைப்பு தளர்ந்து, கைகால்கள் ஒரே தாளத்தில் வெட்ட ஆரம்பிக்கும். உதடு நீலம் பாரிக்கலாம், வாயில் நுரை தள்ளலாம், சிறுநீர் போகலாம். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும்.

அதற்குப் பிறகு வரும் குழப்பமும் தூக்கமும் பல நிமிடங்கள், சிலருக்கு மணிக்கணக்கில் நீடிக்கும். தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் எழுந்து நடக்கப் பார்ப்பார்கள். அப்போது பிடித்து இழுத்தால் பயத்தில் தள்ளிவிடவும் கூடும். அதை முரட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

5. கண்ணெதிரே ஒருவருக்கு வந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் மணி பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம்கூடப் பத்து நிமிடமாகத் தெரியும், ஆஸ்பத்திரியிலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

அப்புறம், அவர் மேல் இடிக்கக்கூடியதை எல்லாம் நகர்த்துங்கள்: நாற்காலி, அடுப்பு, சூடான பாத்திரம், கண்ணாடி. நடுரோட்டிலோ கிணற்றடியிலோ மாடிப்படி ஓரத்திலோ இருந்தால் ஒழிய அவரை இடம் மாற்ற வேண்டாம். தலைக்கு அடியில் துண்டு, சேலை, பை, எது கிடைத்தாலும் மடித்து வையுங்கள். சட்டைக் காலரையும் டையையும் தளர்த்துங்கள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுங்கள்.

வெட்டுவது தணிந்ததும், முடிந்தால் அதற்கு முன்பே, அவரை ஒரு பக்கமாகப் புரட்டிப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும், மூச்சுக்குழாய்க்குள் போகாது. உண்மையில் உயிர் காப்பது இந்த ஒரு காரியம்தான்.

கைகாலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. தசை அவ்வளவு வேகமாக இழுக்கும்போது நாம் எதிர்த்துப் பிடித்தால் தோள்மூட்டு நழுவலாம், எலும்பு முறியலாம். தண்ணீர், சோடா, மாத்திரை எதையும் வாயில் ஊற்றவோ போடவோ கூடாது. முழு நினைவு திரும்பும்வரை ஒரு மடக்குத் தண்ணீர்கூட வேண்டாம். சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களை விலகச் சொல்லுங்கள். உடை விலகியிருந்தால் மூடிவிடுங்கள். கண் விழிக்கும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, ‘ஒண்ணும் இல்ல, ஃபிட்ஸ் வந்துச்சு, இப்ப சரியாயிடுச்சு’ என்று மெதுவாகச் சொன்னால் போதும்.

6. கையில் இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்கிறார்களே?

நிற்காது. சாவிக்கொத்து, கத்தி, கம்பி என்று எதைக் கொடுத்தாலும் மூளையில் நடப்பது மாறாது. பிறகு ஏன் இத்தனை பேர் நம்புகிறார்கள்? வலிப்பு எப்படியும் ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். யாரோ ஓடிப் போய்ச் சாவி கொண்டுவந்து கையில் திணிப்பதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் ஆகும். சாவி வந்தது, வலிப்பு நின்றது என்று மனசில் பதிந்துவிடுகிறது.

கொடுத்தால் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்பார்கள். கூர்மையான இரும்பு அவரையும் கிழிக்கும், பக்கத்தில் இருப்பவரையும் கிழிக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், எல்லோரும் இரும்பு தேடி ஓடும் அந்த நேரத்தில் அவர் மல்லாந்தபடியே கிடப்பது. செருப்பு வாடை, வெங்காயம் எல்லாம் இதே கதைதான். குழந்தைகளுக்குச் சூடு போடும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது வைத்தியமே அல்ல, குழந்தைக்குச் செய்யும் கொடுமை.

7. நாக்கைக் கடித்துக்கொள்வாரே, விழுங்கிவிட்டால்?

நாக்கை யாராலும் விழுங்க முடியாது. அது வாயின் அடித்தளத்தோடு ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் கடிபடலாம், ரத்தம் வரலாம். பெரும்பாலும் அந்தக் காயம் சில நாளில் தானாக ஆறிவிடும். ஸ்பூனையோ விரலையோ நுழைத்தால் பல் உடையும், உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போகும், உங்கள் விரலும் கடிபடும். நாக்குக் காயத்தோடு ஒப்பிட்டால் இவை எல்லாமே பெரிய ஆபத்து.

8. எப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்?

ஐந்து நிமிடம் தாண்டியும் வெட்டுவது நிற்காவிட்டால் உடனே. அதற்கு மேல் நீளும் வலிப்பு தானாக அடங்கும் வாய்ப்பு குறைகிறது. அரை மணி நேரம் தாண்டினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரக்கூடும். நினைவு திரும்பாமலேயே அடுத்த வலிப்பு வந்தாலும், வலிப்பு நின்ற பிறகு மூச்சு சரியில்லாவிட்டாலும், தலையில் அடிபட்டிருந்தாலும், தண்ணீருக்குள் இருக்கும்போது வந்திருந்தாலும், அவர் கர்ப்பிணியாகவோ சர்க்கரை நோயாளியாகவோ இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். வாழ்க்கையில் முதல்முறை என்றால், எவ்வளவு சீக்கிரம் நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

ஏற்கெனவே வலிப்புள்ளவர், வழக்கம்போல இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது, தெளிந்துவிட்டார் என்றால் ஒவ்வொரு முறையும் ஆம்புலன்ஸ் தேவையில்லை. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் சொன்னால் போதும். வீட்டிலேயே மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரேயைச் சிலருக்கு எழுதித் தருவார்கள். எத்தனை நிமிடம் கழித்து, எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி அந்த டப்பாவிலேயே ஒட்டிவையுங்கள்.

9. குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. பின்னாளில் எபிலெப்சி ஆகிவிடுமா?

பெற்றோரை அலைக்கழிக்கும் கேள்வி இது. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தப் பின்விளைவும் இல்லாமல் வளர்ந்துவிடுகிறார்கள். படிப்போ புத்தியோ குறைவதில்லை. சாதாரண வகைக் காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைக்குப் பின்னாளில் எபிலெப்சி வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று இரண்டுதான், மற்றக் குழந்தைகளைவிடச் சற்றே அதிகம். அதே குழந்தைக்கு இன்னொரு காய்ச்சலில் மறுபடி வலிப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதனால் என்ன செய்வது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும், பாட்டி தாத்தா உட்பட.

சாதாரண வகை என்றால் 15 நிமிடத்துக்குள் நின்றிருக்க வேண்டும், உடம்பின் இரு பக்கமும் வெட்டியிருக்க வேண்டும், 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் வந்திருக்கக் கூடாது. இதில் எது மாறினாலும் கூடுதல் பரிசோதனை தேவைப்படலாம். முதல்முறை வந்தால் கட்டாயம் மருத்துவரிடம் காட்டுங்கள்; மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதிப்படுத்தியாக வேண்டும். கழுத்து விறைப்பு, உச்சிக்குழி புடைப்பு, எழுப்ப முடியாத அசதி, நிற்காத வாந்தி, தோலில் ரத்தப் புள்ளிகள் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

பாராசிட்டமால் காய்ச்சலின் அவதியைக் குறைக்கும், ஆனால் வலிப்பைத் தடுக்கும் என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. ‘நான் சரியான நேரத்துக்கு மருந்து கொடுக்கலையே’ என்று தன்னையே குற்றம் சொல்லி அழும் அம்மாக்களுக்காக இதைச் சொல்கிறேன். உங்கள் மேல் தவறு இல்லை. ஐஸ் தண்ணீரில் துடைக்க வேண்டாம், கம்பளியால் போர்த்தவும் வேண்டாம். காற்றோட்டமாக, மெல்லிய துணியில் வைத்திருங்கள்.

10. வலிப்பா, மயக்கமா, வெறும் நடுக்கமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டாலும் நினைவு இருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வரும். மயங்கி விழுபவருக்கு அதற்குமுன் கண் இருட்டும், வியர்க்கும், முகம் வெளிறும். விழுந்த பிறகு சில விநாடிகள் கைகால் லேசாக வெட்டலாம், அதைப் பார்த்துப் பலர் வலிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்து பேசிவிடுவார். நாக்கின் ஓரத்தில் கடிபட்ட காயம், நீண்ட குழப்பம், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி எல்லாம் வலிப்பின் பக்கம் கைகாட்டும்.

மன அழுத்தத்தில் வரும் ஒரு வகையும் உண்டு. மூளையின் மின்னோட்டத்தில் மாற்றம் இருக்காது, ஆனால் பார்க்க வலிப்பு போலவே இருக்கும். அதை நடிப்பு என்று சொல்வது அநியாயம். அவர்களுக்கும் அது கட்டுப்பாட்டில் இல்லை, அதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது.

11. வலிப்பு ஏன் வருகிறது?

பாதிப் பேருக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. பிரசவத்தில் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தது, தலைக்காயம், பக்கவாதம், கட்டி, மூளைக்காய்ச்சல் ஆகியவை தெரிந்த காரணங்கள். சர்க்கரை அல்லது சோடியம் மிகக் குறைவது, பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது ஆகியவற்றாலும் வரும்.

இந்தியாவில் அதிகம் பேசப்பட வேண்டிய ஒன்று நியூரோசிஸ்டிசெர்கோசிஸ். பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் வயிற்றுக்குள் போய், குஞ்சுகள் ரத்தம் வழியாக மூளையை அடைந்து கட்டியாக உட்கார்ந்துகொள்வது. ‘நாங்கள் சைவம், எங்களுக்கு எப்படி?’ என்று அதிர்ச்சியோடு கேட்பார்கள். புழுக்கட்டி உள்ள பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டால் குடலில் புழு வரும். மூளைக் கட்டிக்குக் காரணமான முட்டைகளோ, அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து தண்ணீர், கீரை, பச்சைக் காய்கறி, கழுவாத கை வழியாக வருகின்றன. சைவருக்கும் வரும். கழிப்பறையும் சோப்பும் வலிப்புத் தடுப்பு மருந்துகள் என்பது என் உறுதியான எண்ணம்.

தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், அதிகம் பதிவான விசித்திரமான வகை ஒன்று உண்டு: சுடுதண்ணீரைத் தலையில் ஊற்றிக் குளிக்கும்போது வரும் வலிப்பு. எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றும் வீடுகள் கவனிக்க வேண்டும். தண்ணீரின் சூட்டைக் குறைத்தாலே பலருக்குப் பெரும்பாலும் கட்டுப்பட்டுவிடும்.

பூஜை அறைக் கற்பூரத்தைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

12. கர்ப்ப காலத்தில் வலிப்பு வந்தால்?

இருபதாவது வாரத்துக்குப் பிறகு, ரத்த அழுத்தம் ஏறியிருக்கும் பெண்ணுக்கு வலிப்பு வந்தால் அது எக்லாம்ப்சியாவாக இருக்கலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. பிரசவமான பிறகும் வரும். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் ஆகியவை முன்னறிவிப்புகள். மெக்னீசியம் சல்ஃபேட் ஊசிதான் இதற்கான மருந்து. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான மேக்பை ஆய்வில், அது எக்லாம்ப்சியா வரும் ஆபத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தது தெரிந்தது.

ஏற்கெனவே வலிப்பு மாத்திரை எடுப்பவர், கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தானாக நிறுத்திவிடக் கூடாது. வால்ப்ரோயேட் மாத்திரை கருவைப் பாதிக்கலாம் என்பது உண்மை. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசி, மருந்தை மாற்றி, ஃபோலிக் ஆசிட் தொடங்க வேண்டும்.

13. ஒருமுறை மாத்திரை ஆரம்பித்தால் ஆயுள் முழுக்கவா?

எல்லோருக்கும் இல்லை. சரியாகக் கண்டறிந்து மருந்து எடுத்தால் நூற்றில் 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ வலிப்பு வராமல் இருந்தால் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துவது பற்றி மருத்துவர் யோசிப்பார். ‘ஆறு மாசமா வரலையே’ என்று தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் அடங்காத வலிப்பாகத் திரும்பி வரலாம். தூக்கம் கெடுவது, வேளை தவறுவது, குடிப்பது மூன்றும் அதே வழிதான்.

1912-ல் புழக்கத்துக்கு வந்த பீனோபார்பிட்டோன் இன்றும் பயன்படுகிறது. பழைய மருந்துகள் விலை மலிவு. இரண்டு மருந்து முயன்றும் கட்டுப்படாவிட்டால், மருந்தைக் கூட்டிக்கொண்டே போகாமல், அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று பெரிய மையத்தில் கேளுங்கள்.

14. கல்யாணம் செய்துகொள்ளலாமா?

தாராளமாக. இந்து திருமணச் சட்டத்தில் ஒரு காலத்தில் வலிப்பையும் தடையாக எழுதியிருந்தார்கள். 1999-ன் திருத்தச் சட்டம் அதை நீக்கிவிட்டது. மறைத்துச் செய்வதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். மறைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டிவரும். ஒளித்துச் சாப்பிட முடியாமல் வேளை தவறும், கல்யாண அலைச்சலில் தூக்கமும் கெடும், புது வீட்டில் முதல் வாரமே வலிப்பு வரும். பாதிக்கப்படுவது பெரும்பாலும் பெண்தான். முன்கூட்டியே சொல்லி, அதை ஏற்றுக்கொள்ளும் குடும்பத்தில் போவதே அவளுக்குப் பாதுகாப்பு.

15. வண்டி ஓட்டலாமா?

இந்தியாவில் ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-ல் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. உண்மையைத்தான் எழுத வேண்டும். கிணறு, ஆறு, உயரமான சாரம், தனியாக அடுப்படி ஆகியவற்றிலும் கவனம் தேவை. குளியலறைக் கதவை உள்ளே தாழிடாமல் சாத்திக்கொள்வது நல்ல பழக்கம். மற்றபடி படிப்பு, அலுவலகம், விளையாட்டு எதையும் தடுக்காதீர்கள்.

16. டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

வலிப்பை நேரில் பார்த்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நோயாளிக்கு எதுவும் நினைவிருக்காது. பக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்த பிறகு, கூட ஒருவர் இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முகமும் கைகால்களும் தெரிந்தால் போதும், வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம். எந்தப் பக்கக் கை முதலில் வெட்டியது, கண் எந்தப் பக்கம் திரும்பியது, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, எத்தனை நிமிடம், முந்தின இரவு தூங்கினாரா, எந்த வேளை மாத்திரை விட்டுப்போனது ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இஇஜி பரிசோதனை பல நேரம் ஒன்றும் காட்டாது, அது நார்மல் என்று வந்தாலும் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. பழைய ஸ்கேன் படங்களையும், இப்போது எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், வேறு நோய்க்கு உள்ளவை, நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.